கேட்கத் தகும் இசை

நல்லிசையைக் கேட்டு இன்புற்ற ஒருவர் அவ்வின்பத்தைத் தம்மளவில் அடக்கிக்கொண்டிருத்தல் அரிது. நறுங்கனி ஒன்று கிடைப்பின் அதனைத் தனித்து உண்ணலாம். உண்டபின் அது பிறர்க்கு இல்லை. இசையோ அத்தகையது அன்று. ஒருவர் கேட்டமையால் அது குறைவதில்லை. பலர் கேட்பதனால் வளர்வதேயாகும். ஆதலின், ‘இன்னார் பாடிய இப்பாட்டைக் கேளுங்கள்’ என ஒருவர் கூறுதலும், ‘அதனைக் கேட்டேன், நீங்கள் இதனைக் கேட்டதுண்டோ?’ என மற்றவர் எதிர் வினவுதலும் நம்மவரிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கமாயின. திருவிழாவில் இரவு முழுதும் நாகசுரம் கேட்டு மீண்டவர்கள் மறுநாள் காலையில் திண்ணையில் அமர்ந்து அதனையே பேசிக்கொண்டிருப்பர். அப்பேச்சைக் கேட்ட அயலூரார் அடுத்த விழாவிற்குத் தாமும் புறப்படுவர். இவ்வாறு செவி செவியை அழைக்கும்.

இக்காலத்து இவ்வழக்கம் முன்னினும் பன்மடங்கு பெருகியுள்ளது. தேரடியிலும் மணப்பந்தரிலும் நிகழ்ந்த உரையாடல் இன்று கைப்பேசி வழியே நாழிகைதோறும் நிகழ்கின்றது. ஒரே நாளில் பத்து அன்பர்கள் பத்துப் பாடல்களை அனுப்பிக் கேட்குமாறு வேண்டுகின்றனர். அவற்றுள் தேவாரப் பதிகங்களும் உள்ளன. இது மகிழ்தற்குரியதே. எனினும் பரிந்துரை பெருகிய அளவிற்குக் கேள்வி பெருகியுள்ளதா என்பது ஆராயத்தக்கது. பாட்டின் பெயரைச் சொல்லுதல் மட்டும் பரிந்துரை ஆகாது; அதனைக் கேட்கும் நெறியையும் உடன் கூறுதலே பரிந்துரையாகும் என்பது எமது துணிபு. இசைத்துறைகள் பலவாயினும், தேவாரப் பண்ணிசை ஒன்றனையே ஈண்டு எடுத்துக்கொண்டு இதனை நிறுவ முயல்வோம்.

கேள்வியால் மீண்ட திருமுறை

தேவாரம் இன்று நமக்குக் கிடைத்திருப்பதே ஒரு கேள்வியின் பயன் என்பதை முதற்கண் நினைத்தல் வேண்டும். சோழமன்னன் மூவர் பதிகங்களைச் செவியுற்று உள்ளம் உருகினான் என்றும், கேட்டவை சிலவாகவே, எஞ்சியவற்றையும் பெறவேண்டும் என்னும் வேட்கையுடையவனாய் நம்பியாண்டார் நம்பியை நாடினான் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். தில்லையில் அடைத்துவைக்கப்பட்டிருந்த ஏடுகளுள் செல்லரித்தவை போக எஞ்சியவை வெளிவந்தன. ஏட்டில் சொல் இருந்தது, பண் இல்லை. பண்ணைப் பெறுதற்குத் திருஎருக்கத்தம்புலியூருக்குச் சென்று, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் தோன்றிய பெண்மணி ஒருவரைக் கொண்டு பண்முறை வகுத்தனர் என்பது அப்புராணத்தின் செய்தி.

இவ்வரலாற்றில் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, சிறுபகுதியைக் கேட்டவர் முழுவதையும் நாடினார் என்பது. சிலவற்றைக் கேட்ட அளவில் அம்மன்னன் நிறைவெய்தியிருந்தால் திருமுறைத் தொகுப்பு ஏது? மற்றொன்று, சொல்லை ஏடு காத்ததுபோலப் பண்ணை ஏடு காத்திலது என்பது. அது ஒருவர் நாவிலிருந்து மற்றொருவர் செவிக்குச் சென்றே வாழ்ந்தது. ஆகவே, இசையைப் பொறுத்தவரையில், ‘இதனைக் கேள்’ என ஒருவர் மற்றொருவர்க்குக் கூறுவது பொழுதுபோக்கு அன்று. அது காவல் தொழிலாகும்.

985 முதல் 1014 வரை ஆண்ட முதல் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்கெனப் பிடாரர் 48 பேரையும், அவர்க்குத் துணையாக உடுக்கை வாசிப்பார் ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமர்த்தினான் எனக் கல்வெட்டால் அறிகின்றோம். பாடுவோர் 48 பேர் இருந்த கோயிலில் கேட்போர் எத்துணையர் இருந்திருத்தல் வேண்டும் என்பதை அன்பர்களே எண்ணிப் பார்ப்பார்களாக.

கருவிகள் செய்த மாறுதல்

நிற்க. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசைத்தட்டு நம் நாட்டிற்கு வந்தது. பாடுவோர் முன்னிலையில் இல்லாதபோதும் பாட்டைக் கேட்கலாம் என்னும் வியப்பு அதனால் உண்டாயிற்று. ஆயினும் பழைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிடப் பாட்டே அடங்கும். பதிகம் ஒன்றில் பத்து அல்லது பதினொரு பாடல்கள் உள்ளன. ஒரு பாடலுக்கு இரண்டு நிமிடம் எனக் குறைத்துக் கணக்கிடினும் முழுப் பதிகத்திற்கு இருபது நிமிடங்களுக்கு மேல் வேண்டும். ஆகவே தட்டு கொண்டதெல்லாம் பதிகத்தின் முதற்பாடலும், இடமிருப்பின் மற்றொன்றுமேயாம். பின்னர் நெடுந்தட்டு வந்தது, ஒலிநாடா வந்தது, இன்று எத்துணை நெடிய பாட்டாயினும் கைப்பேசியில் கேட்கக் கிடைக்கின்றது. கருவியின் தடை நீங்கிவிட்டது. ஆனால் முதற்பாடலோடு நிறுத்தும் வழக்கம் நீங்கிற்றில்லை. தட்டின் குறை நம் செவியின் குறையாக எஞ்சி நின்றுவிட்டது.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. திருஞானசம்பந்தர் பதிகங்களின் அமைப்பை அறிந்தவர் இதனை உணர்வர். எட்டாம் பாடலில் இராவணன் செருக்கடங்கி அருள்பெற்றமையும், ஒன்பதாம் பாடலில் மாலும் அயனும் தேடிக் காணாமையும், பத்தாம் பாடலில் புறச்சமய மறுப்பும், இறுதியில் திருக்கடைக்காப்பும் அமைவது அவற்றின் பெருவழக்கு. பாடல்தோறும் தலத்தின் வளங்கூறி, அடங்காத ஆற்றலும் அறியமாட்டாத அறிவும் அங்கே தோற்றதைக் காட்டி, முடிவில் இதனைப் பாடியவர் இன்னார், பாடுவோர் பெறும் பேறு இன்னது என்று கூறி நிறைவெய்தும் நெறி அது. ஒரே பண் பதினொரு முறை மீண்டும் வருவது சலிப்புத் தருவதற்கன்று; ஒவ்வொரு முறையும் பொருள் ஏறுதலின், அதே பண் வேறு சுமையைத் தாங்கி நிற்கின்றது. முதற்பாடலை மட்டும் கேட்டவர் வாயிலைக் கண்டு கோயிலைக் கண்டதாகக் கூறுபவரை ஒப்பர்.

பரிந்துரையிற் காணும் வழுக்கள்

இன்று வழங்கும் பரிந்துரைகளை நோக்குமிடத்து நான்கு வழுக்கள் காணப்படுகின்றன.

முதலாவது, கேளாது கூறுதல். வந்ததைத் தாம் முழுதும் கேளாமலே பிறர்க்கு அனுப்புவோர் பலர். தாம் சுவையாத உணவை விருந்தினர்க்கு இடுவார் உளரோ? பாடலின் தொடக்கத்தை மட்டும் கேட்டு, ‘அருமை’ என்று ஒரு சொல் சேர்த்து ஐம்பதின்மருக்கு அனுப்புவதனால் ஐம்பதின்மரும் அவ்வாறே செய்யக் கற்கின்றனர். முடிவில் அப்பாட்டு ஊரெங்கும் சென்றும் ஒருவராலும் கேட்கப்பெறாததாகின்றது.

இரண்டாவது, பாடுவோர் பெயரை மட்டும் கூறுதல். பெரும்புகழ் பெற்றவர் பெயரைக் கூறின் அதற்குமேல் காரணம் வேண்டியதில்லை எனக் கருதுகின்றனர். புகழுடையார் பாடிய அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. புகழில்லாதார் பாடியவற்றுள் உயர்ந்தன பல. ஒரே சிலர் பெயரே மீண்டும் மீண்டும் கூறப்படுமாயின், சிற்றூர்க் கோயிலில் நாற்பதாண்டு ஓதிய ஓதுவாரின் பெயரை எவர் அறிவர்?

மூன்றாவது, பயன் ஒன்றையே கூறுதல். மணம் கூடுதற்கு இப்பதிகம், நோய் நீங்குதற்கு இப்பதிகம் எனப் பட்டியலிட்டு வழங்குகின்றனர். பதிகங்கள் இடர்நீக்கும் என்னும் நம்பிக்கை நம் முன்னோர்க்கும் உண்டு. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்க்குற்ற குளிர்சுரம் நீங்கச் சம்பந்தர் பாடினார் எனச் சேக்கிழார் கூறுவர். அதனை யாம் மறுக்கின்றோமல்லோம். ஆயினும், பயன் மட்டுமே கூறப்பட்ட இடத்து மக்கள் பாட்டைக் கேட்பதில்லை. அதனை ஒலிக்கவிட்டுத் தம் வேலையைச் செய்கின்றனர். அடுக்களையில் பாத்திர ஒலியும் வாயிலில் வண்டியொலியும் விரவ, எவர் செவியும் எய்தாது ஒரு பதிகம் ஓடி முடிகின்றது. மருந்தாயினும் உட்கொள்ளப்பட்டன்றோ பயன் தரும்?

நான்காவது, இன்ன பண் இன்ன இராகம் எனக் கூறி அமைதல். இது கற்றோரிடத்துக் காணும் வழு. தேவாரத்தில் பயிலும் பண்கள் இருபதுக்கு மேற்பட்டன. அவற்றை ஓதுவார் மரபில் இன்று வழங்கும் இராகங்களோடு ஒப்பிட்டுக் கூறுதல் பயனுடையதே. ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரமும், விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளியிட்ட யாழ் நூலும் இத்துறையில் பேருழைப்பால் விளைந்தன. 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடத்திற்று. இவற்றின் பெருமையை எவர் மறுப்பர்? ஆனால் தக்கராகமும் தக்கேசியும் ஆகிய இரண்டு பண்களும் இன்று காம்போதியாகவே பாடப்படுகின்றன. மரபில் தக்கராகம் இராப்பண், தக்கேசி பகற்பண். பொழுதால் வேறுபட்ட இரண்டும் ஓர் இராகப் பெயரில் ஒன்றாகிவிடுகின்றன. ஆகலின், ‘இது காம்போதி, கேளுங்கள்’ என்பவர் தாம் அறிந்ததைக் கூறினாரேயன்றிக் கேட்போர்க்கு வழி காட்டினாரல்லர்.

யாழ்முரி உணர்த்தும் பாடம்

இசையைப் பற்றிப் பிழைபடப் புகழ்ந்துரைத்தலால் வந்த ஒரு நிகழ்ச்சியைப் பெரியபுராணம் கூறுகின்றது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் சம்பந்தரைப் பற்றிக் கேள்வியுற்றுச் சீகாழிக்கு வந்து, அவர் பதிகங்களை யாழிலிட்டு வாசிக்கும் பேறு பெற்றவர். அவருடைய தாயார் பிறந்த ஊர் தருமபுரம். (இஃது ஆதீனம் விளங்கும் மயிலாடுதுறைத் தருமபுரம் அன்று, காரைக்காலை அடுத்துள்ள பாடல்பெற்ற தலமாகும்.) அங்கே அவருடைய சுற்றத்தார், யாழ்ப்பாணர் யாழில் இட்டு வாசித்தலாலேயே பதிகத்தின் இசை உலகில் பரவுகின்றது எனப் பாராட்டினர். அன்பினால் கூறிய சொல்லேயாயினும் அது பாணர் உள்ளத்தை நடுக்குற்றது. கருவியில் அடங்காத இசை உண்டென்பதை அவர்கள் அறியுமாறு பாடியருள வேண்டுமென அவர் சம்பந்தரை வேண்டினார். சம்பந்தரும் பாடினார். யாழ் அதனைத் தாங்கவில்லை. பாணர் யாழையே உடைக்கப் புகுந்தார். சம்பந்தர் தடுத்து, கருவியில் அடங்கும் அளவிற்கு வாசித்தல் தகும் என அருளினார். அப்பதிகம் யாழ்முரி எனப் பெயர் பெற்றது. இன்று அடாணாவில் பாடப்பெறுகின்றது.

இதிற் பாராட்டியவர் பகைவர் அல்லர், உறவினர். அவர் புகழ்ந்ததும் பொய்யான திறமையை அன்று. எனினும் அவர்கள் புகழ்ச்சி இடம் மாறி நின்றது. கருவியைப் பாட்டினும் மேலாக வைத்தனர். இன்றும் நாம், ‘ஒலிப்பதிவு மிகத் தெளிவு’ என்றும், ‘பக்கவாத்தியம் மிக எடுப்பு’ என்றும், ‘குரல் தேன்’ என்றும் கூறி ஒரு பதிகத்தைப் பிறர்க்கு அளிக்கும்போது தருமபுரத்துச் சுற்றத்தாராகவே ஆகின்றோம். அவர்களைத் திருத்த அன்று சம்பந்தர் இருந்தார். நம்மைத் திருத்துவார் யார்? நாமே திருந்துதல் வேண்டும். மேலும், பாணர் யாழை உடையாதவாறு சம்பந்தர் தடுத்தமையும் நோக்கற்பாலது. கருவி வேண்டாம் என்பது இப்பாடத்தின் கருத்தன்று. அதற்குரிய இடத்தில் அது நிற்கவேண்டும் என்பதே கருத்து.

சில எடுத்துக்காட்டுகள்

பிறர் குறையைக் கூறி, செய்யும் முறையைக் காட்டாது விடுதல் தகாது. ஆகவே கேட்கத் தகுவன சிலவற்றை, கேட்கும் நெறியோடு கூறுவோம்.

முதலாவது, திருவதிகையில் திருநாவுக்கரசர் சூலைநோயால் வருந்திப் பாடிய பதிகம். நான்காந் திருமுறையின் முதற்பதிகம் இதுவே. பண் கொல்லி, இன்று நவரோசு என்னும் இராகத்திற் பாடுவர். நவரோசின் இயல்பு ஒன்றைக் கவனிக்குமாறு வேண்டுகின்றோம். அது மேலெழுந்து தாரத்துச் சட்சத்தை எட்டுவதில்லை. மந்தரப் பஞ்சமத்திற்கும் நடுத்தானத்துப் பஞ்சமத்திற்கும் இடையிலேயே உலவும். நோயால் துடிக்கும் ஒருவர் முறையீடு உரத்த கூக்குரலாக உயராது, நெஞ்சளவிலேயே தாழ்ந்தும் எழுந்தும் நிற்பதனை இவ்வெல்லை நமக்கு உணர்த்துகின்றது. குரலை எங்கும் உயர்த்தாமல் இத்துணைத் துயரைக் கூறுதல் எவ்வாறு இயன்றது என்னும் வினாவோடு கேட்பவர்க்கு இப்பதிகம் தன்னைத் திறந்து காட்டும். இரவின் முற்பொழுது இதற்கு ஏற்றது. கொல்லி இராப்பண்களுள் ஒன்று.

இரண்டாவது, சம்பந்தர் திருவையாற்றில் மேகராகக்குறிஞ்சிப் பண்ணில் அருளிய பதிகம். இப்பண்ணை இன்று நீலாம்பரியாகப் பாடுகின்றனர். நீலாம்பரியைத் தாலாட்டுக்குரியது என்று மட்டும் கூறிவிடுவார் பலர். மேகராகக்குறிஞ்சிப் பதிகங்களை மழை வேண்டி ஓதும் மரபு ஒன்றும் நம்மிடை உண்டு. இப்பதிகத்தின் முதற்பாடலில், மகளிர் ஆடலுக்கு முழவு அதிர, அதனை மழையென அஞ்சிய மந்திகள் சில மரமேறி முகிலைப் பார்க்கின்றன. கேட்டதைப் பிறழ உணர்ந்த குரங்கின் செயலை, முகிலின் பெயரையே தாங்கிய பண்ணில் பாடியிருக்கும் நயத்தை முன்னரே அறிந்து கேட்பவர், ஓதுவார் அவ்வடியை நீட்டும் இடத்தில் தாமும் அண்ணாந்து பார்ப்பர். இதனை அறியாதவர்க்கு அது கண்ணயரச் செய்யும் இனிய ஓசையாகவே நின்றுவிடும். ஒரு குறிப்பு எத்துணை வேறுபாட்டை விளைக்கின்றது என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாவது, ஆறாந் திருமுறைத் திருத்தாண்டகங்கள். இவற்றைத் தாளமின்றிச் சுத்தாங்கமாக, அரிகாம்போதியிற் பாடுதல் மரபு. தாளத்தோடு பாடுதலைப் பண்ணாங்கம் என்பர். தாளத்தில் பழகிய செவிக்குச் சுத்தாங்கம் முதலில் வெறுமையாகத் தோன்றலாம். அவ்வெறுமையே அதன் சிறப்பு. தாளம் நம்மை இழுத்துச் செல்லாமையின், சொல்லே நம்மை நடத்துகின்றது. ஓதுவார் எவ்விடத்தில் மூச்சு வாங்குகின்றார், எச்சொல்லைப் பிரிக்காது காக்கின்றார் என்பதை இங்கே நோக்குதல் வேண்டும். பொருளைச் சிதைத்துப் பாடுவாரும் பொருளுணர்ந்து பாடுவாரும் தாண்டகத்தில் மறைந்திருத்தல் இயலாது.

நான்காவது, பதிவுகளுள் தருமபுரம் சுவாமிநாதன் பாடிய திருமுறைப் பதிவுகள். அவருடைய பாட்டில் சொல் தெளிவாக நிற்கும்; இசை சொல்லை விழுங்குவதில்லை. பாடக் கற்கும் இளையோர் இவற்றைக் கேட்டு உடன்பாடிப் பழகலாம். ஓதுவார் மரபிற் பயின்ற குரல் அரங்கிலும் திரையிலும் எவ்வாறு நின்றது என அறிய விரும்புவோர் எம். எம். தண்டபாணி தேசிகர் பாடியவற்றைக் கேட்பாராக. 1942-இல் வெளிவந்த நந்தனார் படத்தில் நடித்துப் பாடியவர் அவர். சொல்லே இல்லாத இசையை விரும்புவோர்க்குத் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை நாகசுரத்தில் வாசித்த தோடி உள்ளது. இராகம் ஒன்று அவசரமின்றி எவ்வாறு விரிகின்றது என்பதை அதிற் காணலாம்.

தடையும் விடையும்

‘சுவை அவரவர்க்கு வேறு, ஒருவர்க்கு இனித்தது மற்றொருவர்க்குக் கசக்கும், ஆதலின் பரிந்துரைத்தலே வீண்’ என்பார் சிலர். சுவை வேறுபடுதல் உண்மையே. ஆனால் யாம் கூறியது, ‘இது உமக்கு இனிக்கும்’ என வாக்களிப்பதை அன்று. ‘இவ்விடத்தில் இதனை யான் கேட்டேன், நீரும் கேட்டுப் பாரும்’ என்பதேயாம். முன்னது சுவையைத் திணிப்பது. பின்னது செவியைத் திருப்புவது. கேட்டவர் மாறுபட்டுரைப்பின் அதுவும் நன்றே. அவர் கூறும் மாற்றத்தால் நாம் மறுமுறை கேட்கும்போது முன்பு கேளாததைக் கேட்போம். பரிந்துரைகளை மாற்றிக்கொள்ளுதலின் பயன் ஒத்த கருத்தடைதல் அன்று. இருவர் செவியும் கூர்மையடைதலேயாம்.

‘பண்ணும் பொழுதும் பதிக அமைப்பும் எல்லாம் அறிந்துதான் கேட்கவேண்டுமெனின், கல்லாதார் கேட்டல் கூடாதோ?’ என வேறு சிலர் வினவுவர். கூடும் என்பதே விடை. ஆனாய நாயனார் திருவைந்தெழுத்தைக் குழலில் வைத்து வாசித்தபோது, ஆனிரைகள் மேய்தலை மறந்து நின்றன எனச் சேக்கிழார் பாடினார். அவை எந்நூலைக் கற்றன? கேட்பதற்கு வேண்டுவது கல்வி அன்று. நின்று கேட்கும் அமைதி. மேயும் புல்லை விட்டுவிட்டு நிற்கும் அவ்வமைதி இன்று கற்றோர்க்கும் கல்லாதோர்க்கும் ஒருங்கே அரிதாகிவிட்டமையால்தான், கேட்கும் நெறியை எடுத்துக் கூறவேண்டுவதாயிற்று.

‘நல்ல பதிவுகள் கிடைக்கும்போது கோயிலுக்குச் சென்று ஓதுவாரைக் கேட்டல் எற்றுக்கு?’ என்பது மூன்றாந்தடை. இதுவே எல்லாவற்றினும் கருதற்குரியது. பதிவுகள் செய்த நன்மை பெரிது. கடல்கடந்து வாழும் அன்பர்களுக்கும், நோயால் வீட்டில் இருப்பார்க்கும், ஓதுவார் இல்லாத ஊரார்க்கும் அவை துணை. ஆனால் பதிவு காலத்தை அறியாது. நள்ளிரவிலும் காலைப்பண்ணைப் பாடும். பதிவு கேட்போரையும் அறியாது. ஒருவர் உருகினும் உறங்கினும் அதற்கு ஒன்றே. ஓதுவாரோ அறிவார். தம் முன்னே ஒருவர் நின்று கேட்கின்றார் எனக் கண்டால், முதற்பாடலோடு முடிக்க எண்ணியவர் பதிகத்தை முற்றும் ஓதுவார். அருகிய பண்ணொன்றை நினைவுகூர்ந்து எடுப்பார். கேட்போர் இல்லாத இடத்தில் பாடலின் எண்ணிக்கை சுருங்கும். பண்ணின் எண்ணிக்கையும் சுருங்கும். பாடப்படாத பண் ஒரு தலைமுறையில் மறக்கப்படும். மறந்தபின் அதனைத் தேடுதற்கு எந்த எருக்கத்தம்புலியூருக்குச் செல்வது?

பல திருக்கோயில்களில் காலைப் பூசையின்போது ஓதுவார் ஒருவர் தூணருகே நின்று பாடுகின்றார். வழிபடுவோர் திருநீறு பெற்றுக்கொண்டு அவரைக் கடந்து செல்கின்றனர். அவருள் சிலர் அன்று காலையிலேயே தேவாரப் பாட்டொன்றைத் தம் கைப்பேசியில் நண்பர்க்கு அனுப்பியவராகவும் இருப்பர். அனுப்பிய பாட்டிற்குப் பாராட்டு வந்துகொண்டிருக்கும். அருகில் பாடியவர்க்குச் செவி இல்லை. இம்முரண்பாட்டை நீக்குவதே நல்ல பரிந்துரையின் வேலை.

முடிவுரை

ஆகவே அன்பர்களிடம் யாம் வேண்டுவன சிலவே. தாம் முழுதும் கேட்டதையன்றிப் பிறர்க்குக் கூறற்க. பலவற்றை ஒருங்கு கூறாது, ஒன்றையே கூறுக. அதனைப் பாடியவர் யார், பதிகம் எத்தலத்தது, பண் யாது, கேட்கும் பொழுது எது என்பவற்றைச் சுருங்கச் சொல்லுக. அதன்மேல், கவனிக்கத்தக்க ஓர் இடத்தைச் சுட்டுக. கேட்டவர் மீண்டு வந்து கூறுவதனைச் செவிகொடுத்துக் கேட்க. அவர் பதிலாகக் கூறும் பாட்டைத் தாமும் கேட்க. பெறாமல் கொடுத்தலும், கொடாமல் பெறுதலும் இவ்வறத்திற்கு ஏலா.

யாவற்றினும் மேலாக, பாட்டின் பெயரோடு நில்லாது, ‘இன்ன கோயிலில், இன்ன பொழுதில், இவ்வோதுவார் பாடுவார், நாம் இருவரும் சென்று கேட்போம்’ எனக் கூறப் பழகுக. கேட்கத் தகும் இசை எது என்னும் வினாவிற்கு இதனினும் நல்ல விடை இல்லை. அன்று பாடுவோர் 48 பேரை அமர்த்த மன்னன் வேண்டியிருந்தான். இன்று கேட்போர் இருவரை ஓதுவார் முன் கொண்டு நிறுத்த மன்னன் வேண்டா. ஒரு நண்பரின் சொல் போதும்.